நான்கு கோழிகளும் நகர நிர்வாகத்தின் அனுமதியும்

வீட்டுக்குப் பின்னால் உள்ள சிறிய இடத்தில் நான்கு பெட்டைக் கோழிகளைச் செல்லப்பிராணிகளாக வளர்க்க விரும்புகிறீர்கள். நகர அலுவலகத்தில் விசாரித்தபோது ஒருவர் "இதற்கெல்லாம் அனுமதி எதற்கு?" என்றும், அடுத்த மேசையில் இருந்தவர் "குடியிருப்புப் பகுதியில் கோழிக்கு இடமே கிடையாது" என்றும் சொல்லியிருக்கிறார்கள். யாரை நம்புவது, எங்கிருந்து தொடங்குவது, பக்கத்து வீட்டார் மறுத்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த இருவரில் ஒருவர் தவறாகச் சொன்னார் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒருவர் பிராணிகள் பற்றிய விதியை மனத்தில் வைத்தும், மற்றவர் நிலப் பயன்பாட்டு விதியை மனத்தில் வைத்தும் பதில் சொல்லியிருக்கக்கூடும்.

கோழி வளர்ப்பைத் தொடும் விதிகள் ஒரே புத்தகத்தில் இருப்பது அரிது. எத்தனை பறவைகள் வைக்கலாம், சேவல் கூடுமா, கூடு எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பவற்றைப் பிராணிகள் வளர்ப்புக்கான நகரத் துணைவிதி சொல்லும். உங்கள் மனை இருக்கும் பகுதியில் எந்தெந்தப் பயன்பாடுகள் செல்லும் என்பதை நிலப் பயன்பாட்டு விதி சொல்லும். கட்டட விதியோ கோழியைப் பார்ப்பதில்லை. கூட்டை ஒரு கட்டுமானமாகப் பார்த்து, குறிப்பிட்ட பரப்பையோ உயரத்தையோ தாண்டினால் தனி அனுமதி கேட்கும். சுகாதார விதி எச்சம், துர்நாற்றம், ஈ, எலி ஆகியவற்றைப் பற்றிப் பேசும். இவற்றுக்கு அப்பால், பறவை நோய்களைக் கண்காணிக்கும் அரசுத் துறை தனியாகப் பதிவு கேட்கலாம். இங்கிலாந்தில் 2024 அக்டோபர் 1 முதல் ஒரே ஒரு கோழியை வைத்திருப்பவரும் பதிவு செய்தாக வேண்டும். அதற்கு முன்பு அந்தக் கட்டாயம் 50 அல்லது அதற்கு மேற்பட்ட பறவைகள் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே இருந்தது. இத்தகைய பதிவு நகரத்தின் அனுமதிக்கு மாற்றாகாது, நகரத்தின் அனுமதியும் இந்தப் பதிவுக்கு மாற்றாகாது.

விதிகளைப் படிக்கும்போது 'கோழி' என்ற சொல்லை மட்டும் தேடிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். 'கால்நடை', 'பண்ணைப் பிராணி', 'வளர்ப்புப் பறவை', 'செல்லப்பிராணி' ஆகிய சொற்களுக்கு அந்த விதியின் தொடக்கத்தில் கொடுக்கப்பட்டிருக்கும் விளக்கங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நீங்கள் கோழிக்குப் பெயர் வைத்து மடியில் தூக்கி வைத்துக்கொண்டாலும், விதியின் விளக்கம் அதைக் கால்நடை என்று சொன்னால் அது கால்நடைதான். முட்டையை விற்கிறீர்களா என்பதும் இந்த வகைப்பாட்டை மாற்றக்கூடும். வீட்டுக்கு மிஞ்சியதை அண்டை அயலாருக்குக் கொடுப்பதைப் பெரும்பாலும் யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் விற்பனை என்று வந்துவிட்டால் அது தொழிலாகக் கருதப்பட்டு வேறு உரிமம், வேறு ஆய்வு என்று விரியும். விற்கும் எண்ணம் இல்லையென்றால் அதை விண்ணப்பத்திலேயே தெளிவாக எழுதிவிடுவது நல்லது.

விதியில் கோழியைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை என்றால் என்ன பொருள்? பலர் தடுக்கி விழும் இடம் இது. பிராணிகள் பற்றிய துணைவிதி பெரும்பாலும் தடைகளின் பட்டியலாக எழுதப்பட்டிருக்கும். அதில் பெயர் இல்லாதது தடைசெய்யப்படவில்லை என்று கொள்ளலாம். நிலப் பயன்பாட்டு விதி பல நகரங்களில் நேர்மாறாக, அனுமதிக்கப்பட்டவற்றின் பட்டியலாக எழுதப்பட்டிருக்கும். அதில் பெயர் இல்லாதது அனுமதிக்கப்படவில்லை என்று பொருள்படும். ஆகவே ஒரே மௌனம் ஒரு விதியில் 'சரி' என்றும் மற்றொரு விதியில் 'கூடாது' என்றும் பேசுகிறது. உங்களுக்குக் கிடைத்த இரண்டு பதில்களின் வேர் இதுவாக இருக்கலாம்.

அதனால் முதல் வேலை, கேள்வியை எழுத்தில் கேட்பது. உங்கள் மனையின் எண், நீங்கள் வைக்க விரும்பும் பறவைகளின் எண்ணிக்கை, அவை பெட்டைகள் மட்டுமே என்பது ஆகியவற்றைக் குறிப்பிட்டு, எந்த விதியின் எந்தப் பிரிவின்படி அனுமதி தேவை அல்லது தேவையில்லை என்று பதில் தருமாறு கேளுங்கள். மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வாய்மொழியாக வரும் பதில், அதைச் சொன்னவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், புகார் வந்த நாளில் உங்களுக்குத் துணை நிற்காது. பிரிவு எண்ணோடு கூடிய ஒரு கடிதம் துணை நிற்கும்.

பிற ஊர்களின் விதிகளை வைத்து உங்கள் ஊரின் விதியை ஊகிக்கவும் வேண்டாம். ஒரே நாட்டுக்குள்ளேயே, அமெரிக்காவில், சியாட்டில் நகரம் 2010இல் தன் விதியைத் தளர்த்தி, ஒரு மனைக்கு 3 என்றிருந்த கோழிகளின் எண்ணிக்கையை 8 ஆக உயர்த்தியது. அதே விதியில் புதிதாகச் சேவல் வைப்பதைத் தடைசெய்தது. நியூயார்க் நகரத்தில் பெட்டைக் கோழிகளுக்கு அனுமதிச் சீட்டே தேவையில்லை, ஆனால் சேவல், வாத்து, வான்கோழி ஆகியவை கூடாது. எண்ணிக்கை ஊருக்கு ஊர் மாறினாலும், சேவல் விஷயத்தில் நகரங்கள் பெரும்பாலும் ஒரே குரலில் பேசுகின்றன. சேவலைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது தூரக் கணக்கை. எனக்குத் தெரிந்தவரை, நல்ல நோக்கத்தோடும் நேர்த்தியான கூட்டுத் திட்டத்தோடும் வருபவர்கள் திரும்பிப் போவது பெரும்பாலும் இதில்தான். விதி 'கூடு இத்தனை மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்' என்று சொல்லும்போது, எதிலிருந்து தள்ளி என்பதைக் கவனியுங்கள். மனையின் எல்லைக் கோட்டிலிருந்தா, பக்கத்து வீட்டின் சுவரிலிருந்தா, அந்த வீட்டின் கதவு சன்னலிலிருந்தா, அல்லது உங்கள் சொந்த வீட்டிலிருந்துமா? ஒவ்வொன்றுக்கும் விடை வேறு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் பின்புற இடத்தின் அகலம் 9 மீட்டர் என்றும், இடப்பக்கத்து வீட்டின் சுவர் எல்லையிலிருந்து 1 மீட்டரும் வலப்பக்கத்து வீட்டின் சுவர் 1.5 மீட்டரும் தள்ளி இருக்கின்றன என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டு சுவர்களுக்கும் இடையே மொத்தம் 11.5 மீட்டர். விதி 'பக்கத்துக் குடியிருப்பிலிருந்து 6 மீட்டர்' என்று கேட்டால், இரு பக்கமும் சேர்த்து 12 மீட்டர் வேண்டும். எனவே இரண்டு சுவர்களும் எதிரெதிராக நிற்கும் பகுதியில் கூடு வைக்க ஓர் அங்குலமும் மிஞ்சாது. அதே விதி 5 மீட்டர் என்று இருந்தால் நடுவில் 1.5 மீட்டர் அகலமுள்ள பட்டை ஒன்று கிடைக்கும், 1.2 மீட்டர் அகலக் கூடு அதில் அடங்கிவிடும். 'எல்லைக் கோட்டிலிருந்து 3 மீட்டர்' என்று இருந்தாலோ நடுவில் 3 மீட்டர் கிடைத்துவிடும். பக்கத்து வீடுகள் மனையின் பின்கோடி வரை நீளவில்லை என்றால், அவற்றின் மூலைகளிலிருந்து வில் வரைந்து பார்த்தால் பின்புறத்தில் மேலும் இடம் தென்படும். காகிதத்தில் அளவுகோல்படி மனையை வரைந்து, கவராயத்தை வைத்து இந்தக் கோடுகளைப் போட்டுவிட்டால், விண்ணப்பம் நிற்குமா நிற்காதா என்பது அரைமணி நேரத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

கூட்டோடு சேர்ந்த வலையடைப்பும், அதாவது கோழிகள் பகலில் உலவும் பகுதியும், இந்தத் தூரக் கணக்கில் வருகிறதா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சில விதிகள் கூரை உள்ள பகுதியை மட்டும் அளக்கும், சில அடைப்பின் வெளிவிளிம்பிலிருந்து அளக்கும். சக்கரம் வைத்த நகரும் கூடு வைத்திருப்பவர்கள், அது எந்த இடத்துக்கெல்லாம் நகருமோ அந்த முழுப் பரப்பையும் வரைபடத்தில் காட்ட வேண்டியிருக்கும். நகரும் கூட்டுக்குத் தூர விதி பொருந்தாது என்று நம்புபவர்கள் இருக்கிறார்கள். ஆய்வுக்கு வருபவர் அப்படி நம்புவார் என்று எதிர்பார்க்க முடியாது.

கூட்டின் அளவைப் பொறுத்தவரை, ஒரு கோழிக்குக் கூட்டுக்குள் சுமார் 0.4 சதுர மீட்டரும் வெளியடைப்பில் சுமார் 1 சதுர மீட்டரும் என்பது பரவலாகச் சொல்லப்படும் குறைந்தபட்ச அளவு. நான்கு கோழிகளுக்கு 1.6 சதுர மீட்டர் கூடும் 4 சதுர மீட்டர் அடைப்பும் ஆகிறது. இடமிருந்தால் அடைப்பைப் பெரிதாக்குங்கள்; நெருக்கடியில் கோழிகள் ஒன்றையொன்று கொத்தி இறகைப் பிடுங்கும். மாறாக, கூட்டை ஆள் நுழையும் அளவுக்கு உயர்த்தினால் சுத்தம் செய்வது எளிதுதான், ஆனால் அதுவே கட்டட அனுமதி தேவைப்படும் வரம்பைத் தொடக்கூடும். வரம்பு என்ன என்று பார்த்துவிட்டு உயரத்தை முடிவு செய்யுங்கள்.

இனி சேவல். பெட்டைக் கோழி முட்டையிடச் சேவல் தேவையில்லை. குஞ்சு பொரிக்கும் முட்டைக்குத்தான் சேவல் வேண்டும். இது பலருக்குத் தெரியாததால் விண்ணப்பத்தில் "நான்கு பெட்டை, ஒரு சேவல்" என்று எழுதி, அந்த ஒற்றைச் சொல்லாலேயே மறுப்பை வாங்கிக்கொள்கிறார்கள். சேவலின் கூவல் வெளிச்சத்தைப் பார்த்து மட்டும் எழுவதில்லை. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், அது உடலுக்குள் ஓடும் கடிகாரத்தின்படி விடியலுக்கு முன்பே தொடங்குகிறது என்று காட்டினார்கள். எனவே கூட்டை இருட்டாக்கி வைத்தால் சேவல் சும்மா இருக்கும் என்று அதிகாரியிடம் வாதிடுவது வீண். கூவும் சேவலின் காதருகே 140 டெசிபலுக்கு மேல் பதிவானதாக 2018இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். அதற்கு நேர்மாறாக, முட்டையிட்ட பெட்டை கொக்கரிப்பது பொதுவாக 60 முதல் 70 டெசிபல் அளவுக்குத்தான், ஏறக்குறைய இருவர் உரக்கப் பேசிக்கொள்வது போல; அதுவும் பகலில், சில நிமிடங்களுக்கு. இந்த வேறுபாட்டை விண்ணப்பத்தில் இரண்டு வரிகளில் எழுதுவது பயன் தரும், ஏனெனில் 'கோழி' என்று கேட்டவுடன் பலரின் காதில் விழுவது சேவலின் குரல்தான்.

ஆனால் பெட்டை மட்டும் என்று எழுதிவிட்டால் போதாது, பெட்டைதான் வரும் என்பதற்கு வழி வேண்டும். பாலினம் பிரிக்காத குஞ்சுகளில் பாதி சேவலாக இருக்கும். அப்படி நான்கு குஞ்சுகள் வாங்கினால் நான்கும் பெட்டையாக அமையும் வாய்ப்பு 16இல் ஒன்று. பயிற்சி பெற்றவர்கள் பார்த்துப் பிரித்த குஞ்சுகளிலும் எப்போதாவது ஒன்று தவறும். பொரித்த நாளிலேயே இறகின் நிறத்தால் ஆண், பெண் அடையாளம் தெரியும் கலப்பினங்களை எடுப்பது, அல்லது நான்கு மாதம் நெருங்கிய பெட்டைகளை நேரடியாக வாங்குவது ஆகியவையே பாதுகாப்பான வழிகள். தவறிப்போய் ஒன்று கூவத் தொடங்கினால் அதை எத்தனை நாளுக்குள் யாரிடம் ஒப்படைப்பீர்கள் என்பதை முன்கூட்டியே ஏற்பாடு செய்து விண்ணப்பத்தில் குறிப்பிடுங்கள். நான் அதிகாரியாக இருந்தால் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, இவர் யோசித்துத்தான் கேட்கிறார் என்று முடிவு செய்வேன்.

பக்கத்து வீட்டாரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர்களின் சம்மதம் தேவையா, அல்லது அவர்களுக்குத் தகவல் தெரிவித்தால் போதுமா என்பதை விதியில் பாருங்கள், இரண்டும் ஒன்றல்ல. சம்மதக் கையெழுத்து கட்டாயம் என்றால் ஒருவரின் மறுப்பே விண்ணப்பத்தை நிறுத்திவிடும். தகவல் மட்டும் போதுமென்றால், அவர்கள் எழுதும் ஆட்சேபம் கூடு இருக்கும் தூரம், ஓசை, கழிவு என விதி பேசும் விஷயங்களைத் தொட்டால்தான் எடை பெறும். எனக்குப் பிடிக்கவில்லை என்பது எடை பெறாது. எப்படியிருந்தாலும், நகர அலுவலகத்தின் அறிவிப்பு அவர்கள் கைக்குப் போவதற்கு முன்பு நீங்களே வரைபடத்தோடு போய்ப் பேசிவிடுங்கள். முட்டை தருகிறேன் என்று பேச்சைத் தொடங்க வேண்டாம். முட்டை வர ஐந்து மாதமாகும், அவர்களுடைய கவலையோ அன்றைக்கே இருக்கிறது. என்ன பயப்படுகிறீர்கள் என்று கேட்டு, அதைத் தீர்க்கும் ஒரு வாக்குறுதியை, உதாரணமாகக் காலை குறிப்பிட்ட நேரத்துக்கு முன் கூட்டின் கதவைத் திறப்பதில்லை என்பதையோ, அவர்கள் படுக்கையறைப் பக்கம் கூட்டை வைப்பதில்லை என்பதையோ, எழுதிக் கொடுத்து அதன் நகலை விண்ணப்பத்தோடு இணையுங்கள்.

அவர்கள் பெரும்பாலும் பயப்படுவது நாற்றத்துக்கும் எலிக்கும். இரண்டும் கோழியால் வருவதைவிடக் கவனக்குறைவால் வருபவை. ஒரு கோழி நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 முதல் 130 கிராம் எச்சமிடும். நான்குக்கும் சேர்த்து அரைக் கிலோ. அந்த எச்சத்திலுள்ள யூரிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போதுதான் அம்மோனியா கிளம்பி மூக்கைத் துளைக்கிறது, அதற்கு ஈரம் வேண்டும். தரையில் மரத்தூளோ உலர்ந்த இலையோ தடிமனாகப் பரப்பி, கூரை ஒழுகாமலும் தண்ணீர்க் கலம் சிந்தாமலும் பார்த்துக்கொண்டால் நாற்றம் பெரிதாக எழாது. அழுக்கான படுக்கையை மூடியுள்ள தொட்டியில் மக்க வைத்து உரமாக்குவீர்களா, கழிவு சேகரிப்பில் சேர்ப்பீர்களா என்பதையும் எழுத வேண்டும். புதிய எச்சத்தை நேராகச் செடிக்குப் போட்டால் செடி கருகும் என்பதை இடையில் சொல்லிவைக்கிறேன்.

எலி தேடி வருவது தீவனத்தை. தீவனத்தை மூடியுள்ள தகரப் பெட்டியில் வைப்பதும், மாலையில் மிச்சத்தை எடுத்துவிடுவதும், கூட்டின் அடிப்பகுதிக்கு 12 மில்லிமீட்டர் கண்ணுள்ள கெட்டியான பற்றவைத்த வலையைப் போடுவதும் போதுமான காப்பு. அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய வலை கோழியை உள்ளே வைத்திருக்கும். நாயையோ மரநாயையோ வெளியே நிறுத்தாது.

நோய் பற்றி ஆய்வாளர் கேட்டால் தயங்காமல் பதில் சொல்லும் அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பறவைக் காய்ச்சலைக் காட்டுப் பறவைகளின், குறிப்பாக நீர்ப்பறவைகளின், எச்சமும் தொடர்பும் கொண்டுவருகின்றன. ஆகவே வெளியடைப்புக்கு மேலே வலையோடு நிறுத்தாமல் நீர் புகாத கூரையும் போடுவது நல்லது. நோய்ப் பரவல் காலத்தில் எல்லாப் பறவைகளையும் உள்ளே அடைக்கும்படி அரசு உத்தரவிட்டால், கூரையுள்ள அடைப்பு வைத்திருப்பவர் அதைச் சிரமமின்றி நிறைவேற்ற முடியும். மனிதருக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி, நோயே இல்லாததுபோல் தோன்றும் கோழியிடமும் இருக்கலாம். தொட்ட பிறகு சோப்பால் கை கழுவுவதும், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் குஞ்சுகளைக் கையில் எடுக்காமல் பார்ப்பதும், கூட்டுக்குள் போகத் தனிச் செருப்பு வைப்பதும் அதற்கான பழக்கங்கள். கோழிகள் ஒரே நேரத்தில் பல செத்தால் யாரிடம் தெரிவிக்க வேண்டும் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தோடு கேட்கப்படுபவை அனேகமாக எல்லா ஊரிலும் ஒன்றுபோலவே இருக்கும்: மனை உங்களுடையது என்பதற்கான ஆவணம், வாடகை வீடென்றால் உரிமையாளரின் எழுத்துப்பூர்வச் சம்மதம், அளவுகளோடு வரைபடம், கூட்டின் விவரம், கழிவுக்கும் தீவனத்துக்குமான ஏற்பாடு, கட்டணம். எண்ணிக்கையை எழுதும்போது சற்று யோசியுங்கள். கோழி கூட்டமாக வாழும் பறவை, ஒன்றைத் தனியாக வைப்பது கொடுமை. ஆனால் வரம்பு நான்கு என்றால், ஒன்று செத்து அதற்கு மாற்றாகக் குஞ்சு வாங்கும்போது அதுவும் எண்ணிக்கையில் சேருமா, அல்லது குறிப்பிட்ட வயதுக்கு மேற்பட்டவை மட்டும் எண்ணப்படுமா என்பதைக் கேளுங்கள். கோழி 5 முதல் 8 ஆண்டு வரை வாழக்கூடியது, முட்டையோ இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு குறைந்துகொண்டே வரும். முட்டை நின்ற கோழியை என்ன செய்வீர்கள் என்ற கேள்வி ஆய்வின்போது வரக்கூடும், ஏனெனில் குடியிருப்பில் அறுப்பதைப் பல நகரங்கள் தடைசெய்கின்றன. சாகும்வரை வைத்துக்கொள்வேன் என்பது உங்கள் பதிலாக இருந்தால், அந்தக் கிழக் கோழிகளும் உங்கள் வரம்புக்குள்தான் எண்ணப்படும் என்பதை மறக்க வேண்டாம்.

நகரம் அனுமதி தந்துவிட்டாலும் அடுக்குமாடிச் சங்கத்தின் விதியோ, மனைப் பத்திரத்தில் உள்ள கட்டுப்பாடோ, வாடகை ஒப்பந்தமோ தடுத்தால் அந்தத் தடை அப்படியே நிற்கும். நகர அலுவலகம் அவற்றைப் பார்ப்பதில்லை, பார்க்க வேண்டிய கடமையும் அதற்கில்லை.

மறுப்பு வந்தால், காரணத்தையும் பிரிவையும் எழுத்தில் பெறுங்கள். மேல்முறையீட்டுக்கான கெடு பெரும்பாலும் நாள் கணக்கில் குறுகியதாக இருக்கும். அது உத்தரவின் தேதியிலிருந்து ஓடுகிறதா, உங்கள் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். தூரம் அரை மீட்டர் குறைகிறது என்பது போன்ற காரணமென்றால், மேல்முறையீட்டைவிடக் கூட்டின் இடத்தையோ அளவையோ மாற்றி மறுபடி விண்ணப்பிப்பது விரைவானது. மனையின் வடிவத்தால் எங்கு வைத்தாலும் தூரம் போதவில்லை என்றால், விதிவிலக்கு கோரும் வழி இருக்கிறதா என்று கேளுங்கள். அண்டை வீட்டாரின் கையெழுத்துக்கு அங்கேதான் பெரிய மதிப்பு. விதியே கோழியை முற்றாகத் தடுக்கிறதென்றால் அதிகாரியோடு மல்லுக்கட்டிப் பயனில்லை, அவருக்கு அதை மாற்றும் அதிகாரம் கிடையாது. அப்போது உங்கள் பகுதியின் மன்ற உறுப்பினரிடம்தான் போக வேண்டும், அது மாதங்களில் முடியும் வேலையல்ல.

யாரும் கேட்கப்போவதில்லை என்று ஓசையில்லாமல் வளர்ப்பவர்களும் உண்டு. இந்த விதிகள் பெரும்பாலும் புகாரின்பேரில்தான் நடைமுறைக்கு வருகின்றன என்பது உண்மையே. ஆனால் புகாருக்குப் பிறகு கொடுக்கும் விண்ணப்பத்தை அலுவலகம் பார்க்கும் கண் வேறு, அதற்குள் கோழிகளை வெளியேற்றும்படி நாள் குறித்த அறிவிப்பும் வந்துவிடலாம். குஞ்சுகளை முன்கூட்டி வாங்கி அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு அனுமதிக்குக் காத்திருப்பதையும் அதே காரணத்துக்காகத் தவிர்க்கச் சொல்வேன், ஆறு வாரத்தில் அவை பெட்டிக்குள் அடங்காமல் வளர்ந்துவிடும். அனுமதி கிடைத்து, கூடு கட்டி, ஆய்வாளர் நாடாவைப் பிடித்து அளந்துவிட்டுப் போன பிறகு குஞ்சு வேண்டுமென்று விற்பவரிடம் சொல்லி வையுங்கள். அனுமதியின் காலம் எப்போது முடிகிறது என்பதை அன்றைக்கே குறித்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் சில ஊர்களில் அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.